வெடி வெடிக்காத ஊர்

விடிவதற்குள் எங்கள் தெருவின் எல்லாத் தறிகளும் 'டடக் டடக்' என்று அடிக்கத் தொடங்கிவிடும். மூச்சு விடுவதைப் போல, அந்தச் சத்தம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய என் தாய்மாமாவுக்கோ அது துப்பாக்கிச் சத்தம். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து தெருவில் இறங்கிவிடுவார். "ஒரு இடத்துல குந்த மாட்டேங்கிறானே" என்று அம்மா தவித்துப்போவாள்.

சிறுவயதில் அவருக்குப் பறவை என்றால் உயிராம். அந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள், அப்பாவிடம்கூடச் சொல்லாமல், அம்மா அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். மகாபலிபுரம் கடற்கரையில் ஆலாப் பறவைகள் தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும்புவதை நான் வாய் பிளந்து பார்த்தேன். மாமாவோ நிற்காமல் நடந்தார். அலை உடையும்போதெல்லாம் அவர் தோள் அதிர்ந்தது. "போலாம்க்கா, போலாம்" என்றார். கட்டுச்சோற்றைப் பிரிக்கவும் விடவில்லை.

வேடந்தாங்கலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி பாதி வற்றி, பெரும்பாலான பறவைகள் போய்விட்டிருந்தன. சில மரங்களில் மட்டும் கூழைக்கடாக்கள் கடைசிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தன. அவை பறக்கட்டும் என்று நான் கை தட்டினேன். வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் அதட்டினாள்.

"தட்டாதம்மா! எங்க ஊர்ல தீவாளிக்கே வெடி வெடிக்க மாட்டோம்."

மாமா சட்டென்று திரும்பினார். "தீவாளிக்குக் கூடவா?"

"ஆமாபா. பறவ வந்து எறங்குற நேரம், பயந்துடாது?"

மாமா கரையில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்பா தேடுவாரே என்று மாமாவை எழுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கட்டும் விடு. பஸ்ஸு நாளைக்கும் வரும்."

அன்று வெள்ளரிக்காரம்மாள் வீட்டில் தங்கினோம். காலையில் மாமா, "நான் இங்கயே இருந்துடறேன்க்கா" என்றார். நானும் அம்மாவும் மட்டும் திரும்பினோம். அப்பா பல நாள் அம்மாவோடு பேசவில்லை.

மாமா ஏரிக்கரையருகே டீக்கடை போட்டு, அங்கேயே வாழ்ந்து முடித்தார். இன்று அம்மாவும் இல்லை. அண்மையில் போனபோது, கடை இருந்த இடத்தில் கார்கள் நின்றன. ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். அவருக்கு மாமாவின் பெயர் நினைவில்லை.

"கிளாஸ சத்தமே கேக்காம வைப்பாரே, அவரா?" என்றார்.

"அவரேதான்" என்றேன்.