வளைகாப்பு வேனில் ஏறாத ஃபைல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்து, மகள் ரீட்டாவைத் தலைப்பிரசவத்துக்காக மயிலாடுதுறையிலிருந்து திருவையாற்றுக்கு அழைத்து வந்தோம். புளியோதரை, இரண்டு சூட்கேஸ், சம்பந்தியம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய்... எல்லாவற்றையும் வேனில் ஏற்றியது அடியேன்தான். ஒரு சாமான் விடவில்லை என்று பெருமை வேறு.

விட்டது ஒன்றுதான் - ஒன்பது மாத செக்கப் ஃபைல்.

செவ்வாய் காலை ரீட்டா தலைவலி என்றாள். கால் வீங்கியிருந்தது. வேனில் காலைத் தொங்கப்போட்டு வந்ததால் நீர் இறங்கியிருக்கும் என்று கண்டுபிடித்த மேதை யார்? நானேதான்.

மதியம் கண் மங்குகிறது என்றாள். எனக்கு உலகமே இருட்டிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை டாக்சி டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். உடனே மெதுவாகப் போகச் சொன்னேன். பாவம் அந்த மனிதர்!

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. மருந்தை ஆரம்பித்துவிட்டு ஃபைலைக் கேட்டார். பிரஷர் முதலிலிருந்தே இருந்ததா, இப்போதுதான் ஏறியதா என்று தெரிய வேண்டுமாம்.

பையைத் துழாவினேன். துண்டு, பிளாஸ்க், ஊறுகாய் பாட்டில். ஆஸ்பத்திரிக்கு ஊறுகாய் எதற்கு? அது எனக்கும் தெரியாது.

சம்பந்தி வீட்டில் போனை எடுக்கவில்லை. சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அங்கே இருப்பவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற இளக்காரத்தோடுதான்.

"மாமா, போனை டாக்டர்கிட்ட குடுங்க."

ஒவ்வொரு செக்கப் முடிந்ததும் ரீட்டாவிடம் கேட்டு, பிரஷர், எடை எல்லாவற்றையும் ரூம் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார் மனிதர்! அவர் தேதிவாரியாக வாசிக்க, டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். திடீரென்று பேனா நின்றது.

"அழாதீங்க தம்பி. இவ்ளோ எழுதி வச்சிருக்கீங்களே... நாங்க பாத்துக்குறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தலைவலி, வீக்கம்னா காலையிலயே வந்துருக்கணும் சார். வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு ஊர் மாறிடுது, ஃபைல் மட்டும் அங்கேயே தங்கிடுது. எத்தனை பேருக்குத்தான் சொல்றது?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று ஊறுகாய் பாட்டிலைப் பையின் அடியில் திணித்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

இரண்டு நாள் கழித்து ஆபரேஷன். சின்னஞ்சிறு பேத்தி... அழுத அழுகைக்கு ஒன்றும் குறைவில்லை. வராந்தாவில் நானும் அழுதேன். அவள் குரலுக்கு முன்னால் எடுபடவில்லை.

ரீட்டா கண் விழித்ததும் சிங்கப்பூருக்கு போன் போட்டேன்.

"ரீட்டாவுக்கு பிரஷர் எவ்ளோ மாமா?"

"நூத்திமுப்பது, எண்பது. நல்லா இருக்கா மாப்ள."

ஆணா, பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்ல மறந்தே போனேன்.