காஞ்சிடுச்சு

எனக்கு வாய் ஜாஸ்தி. ஆனால் என் வீட்டுக்காரரைத் தீயில் தள்ளியது ஒரே ஒரு வார்த்தைதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிற எங்களுக்கு அந்தப் பச்சைப் பொடி பழக்கம். குரோமியத் தாதுவிலிருந்து எடுப்பது. கோப்பையில் பூசிச் சூளையில் எவ்வளவு சுட்டாலும் பச்சை பச்சையாகவே நிற்கும். அதிலிருந்து உலோகம் எடுக்கப் போகிறேன் என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டபோது, கல்லில் நார் உரிக்கிற கதைதான் என்று சிரித்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்.

முதலாளி விளக்கினார். பொடிக்குள் குரோமியத்தோடு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அலுமினியத் தூளைக் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளுமாம். அந்தச் சூட்டில் எல்லாம் உருகி, உலோகம் அடியில் இறங்கும், கசடு மேலே மிதக்கும். எங்கள் சூளையைவிடப் பெரிய சூடு, அதுவும் சில நிமிஷத்தில். இரும்பு அண்டா தாங்காது, உள்ளே கனமாக மண் பூச வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். மண் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரோடு போனேன்.

பூசி நாலு நாள் நிழலில் விட்டேன். ஐந்தாம் நாள் காலை முதலாளி கேட்டார்.

"காஞ்சிடுச்சாம்மா?"

"காஞ்சிடுச்சுங்க."

எங்கள் பட்டறையில் காய்ந்தது என்றால் சூளையில் ஏற்றலாம் என்று அர்த்தம். கன்னத்தை வைத்துப் பார்ப்போம். சில்லென்று இல்லாவிட்டால் காய்ந்தது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தைச் சூளை மெல்ல வாங்கிக்கொள்ளும். அவர் தொழிலில் காய்ந்தது என்றால் நெருப்பில் சுட்டு, பொட்டு ஈரம் இல்லாமல் ஆனது. நான் சுட்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பற்றவைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். மண்ணுக்குள்ளிருந்த ஈரம் ஆவியாகி, உருகிய குழம்பை வெளியே வீசியடித்தது. ஓரமாக நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அடிப் பாவி, என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

கண் தப்பியது. இடது கன்னம் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவரால் பேச முடிந்தது. நான் சொன்னதை நம்பித்தானே பற்றவைத்தார்கள், எல்லாம் என்னால்தான் என்று அழுதேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "உன்ன மட்டுமா கேட்டாரு? என்னியும் கேட்டாரு. நானும் அண்டாக்குள்ள கன்னத்த வச்சிப் பாத்தேன். சில்லுன்னு இல்ல. காஞ்சிடுச்சுன்னுதான் நானும் சொன்னேன்."

எந்தக் கன்னம் என்று நான் கேட்கவில்லை. அவர் கை, கட்டுப் போட்ட கன்னத்தின் மேல் இருந்தது.