எரியாத ஒரு பட்டறை

செய்தியை என் மகன் ரகு மலைக்கோட்டைக் கடைவீதியிலிருந்து போனில் சொன்னான்: "அம்மா, லூர்து மேடம் போயிட்டாங்க." எனக்கு உட்காரத்தான் தோன்றியது. இந்த வயதில் அஞ்சலி எழுதுவதே வேலையாகிவிட்டது, அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை வேறொருவர் பிழையோடு எழுத விடமாட்டேன்.

நான் ஆங்கிலம் கற்பித்த கல்லூரியில் முனைவர் லூர்து மேரி இயற்பியல் பேராசிரியர். லித்தியம் பேட்டரியின் மின்முனைகளுக்குள், உலோகத்திலும் ஆக்ஸிஜனிலும், எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கணக்கிடுவது அவருடைய ஆய்வு. கட்டுரைகளின் ஆங்கிலத்தை நான் திருத்துவேன். "அக்கா, கமாவை அப்புறம் திட்டலாம். என் ஆக்ஸிஜனைக் கவனிங்க" என்பார்.

என் கணவர் காலமான பின், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ரகு நடத்திய ஸ்கூட்டர் பேட்டரிப் பட்டறையை நம்பித்தான் குடும்பம் இருந்தது. அதிகத் தூரம் ஓடவைக்கும் புதுவகை செல் வைத்த பேட்டரிகளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அந்த ஆயுத பூஜைக்குப் புது பேட்டரிகளை முழுக்க சார்ஜ் ஏற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, விளக்கின் முன் அடுக்கினான். சாமிக்கு அரைகுறையாக வைக்கலாமா?

சுண்டலுக்கு வந்த லூர்து சுண்டலைத் தொடவில்லை. பேட்டரிகளைத் தாமே முற்றத்துக்குத் தூக்கத் தொடங்கினார்.

"மேடம், பூஜை இன்னும் முடியல!"

"உங்க சாமி கோவிச்சுக்க மாட்டார், ரகு. இது கோவிச்சுக்கும். நிறைகுடம் தளும்பாதும்பாங்க, இது நிறைஞ்சாத்தான் பயம். சார்ஜ் ஏத்தறதுன்னா இதோட ஒரு முனையிலேர்ந்து எலக்ட்ரானை எடுக்கறது. முதல்ல உலோகம் குடுக்கும். ரொம்ப எடுத்தா ஆக்ஸிஜன்கிட்டேயும் கை வைக்கணும். அப்புறம் அதோட பிடி தளர்ந்துடும். சூடானா வெளியே வந்து, உள்ளேயே தீயை வளர்க்கும்."

"அப்ப எந்த செல்லை வெச்சு பேட்டரி கட்டறது?"

"இரும்பு பாஸ்பேட். அதுல பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிச்சிருக்கும். தூரம் கொஞ்சம் குறையும்."

"ஆர்டர் போயிடும் மேடம்."

"போகட்டும். ராத்திரி மாடியில உங்க அம்மா தூங்கறாங்க."

ஆர்டர் போயிற்று. நான் மறுபடி டியூஷன் எடுத்தேன். லூர்துவிடம் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வழக்கம்போல் கட்டுரைகளை அனுப்பினார். நானும் திருத்தி அனுப்பினேன்.

அந்தச் செல்கள் எரிந்திருக்குமா? தெரியாது. "எரியலைன்னா என் கணக்கை யாரும் நினைக்க மாட்டாங்க அக்கா. அதுதான் என் வேலை" என்று ஒருமுறை சிரித்தார்.

கே.கே. நகரில் நடந்த இறுதிச் சடங்கில் அவரை வழியனுப்பிவிட்டு வந்தோம். பட்டறையில் அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுமுன், மேசையிலிருந்த பேட்டரிகளை ரகு ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுபோனான். யாரும் சொல்லவில்லை.

போய் வாருங்கள், லூர்து. இன்றும் நான் மாடியில்தான் தூங்கப்போகிறேன்.