நாற்பத்தேழு காயம்

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் பால் வெட்டுகிற ஞானசிங்குக்கு ஒரு பெருமை இருந்தது. பதினெட்டு வருஷம், முந்நூறு மரம், ஒன்றில்கூடக் காயம் இல்லை. அந்தப் பக்கத்தில் வேறு எவனுக்கும் அது வாய்க்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கத்தி இம்மி ஆழமாக இறங்கினாலும் பட்டையைத் தாண்டி உள்ளே இருக்கிற தடியில் பட்டுவிடும். பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கி, வெட்டினவனின் லட்சணத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர், போன வருஷம் குலசேகரம் போகிற வழியில் கவிழ்ந்த ஜீப்புக்கு அடியில் வலது கையைக் கொடுத்துவிட்டார். தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். விரல்களுக்குப் பாதி உயிர்தான் திரும்பியது. அமுக்கிப் பழக ஆஸ்பத்திரியில் ஒரு பந்து கொடுத்தார்கள். அதுவும் ரப்பர் பந்து! மோந்து பார்த்துவிட்டு ஆள் தேம்பித் தேம்பி அழுதார்.

பதினோரு மாதம் கட்டிலில் கிடந்தபடியே தோட்டத்தில் நடந்தார். கண்ணை மூடினால் போதும், பனி வந்து மரங்களுக்கிடையில் இறங்கும். காலடியில் சருகு நொறுங்கும். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் விழும். சில நாள் மரங்கள் வரிசை குலைந்து வீட்டு முற்றம் வரை வந்து நிற்கும். எப்போது வருவாய் என்று கேட்காமல் கேட்கும். கண் திறந்தால் மடங்காத விரல்கள்தான் இருக்கும்.

அவருக்குப் பதிலாக மனைவி சபிதா வெட்டப்போனாள். வந்ததும் வராததுமாக அவளிடம் தினமும் ஒரே கேள்வி.

"ஏட்டி, மரத்துல காயம் பட்டுதா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க கஞ்சியக் குடியுங்க."

கை ஓரளவு தேறியும் அவர் கத்தியைத் தொடவில்லை. மரத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம். பொறுத்துப் பார்த்த தோட்ட முதலாளி சொல்லியனுப்பினார்: சபிதா ஒருத்தியால் முந்நூறும் வெட்டி முடியவில்லை, திங்கட்கிழமை ஞானசிங் வராவிட்டால் வேறு ஆள்.

திங்கட்கிழமை இருட்டு பிரியுமுன் இருவரும் போனார்கள். கனவில் வந்த அதே பனி. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டே நடந்தவர் மூன்றாம் மரத்தில் நின்றார். பட்டையில் ஒரு வீக்கம். அடுத்ததில் இரண்டு. தோட்டத்தைச் சுற்றி முடித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.

"ஏட்டி சபிதா! நாப்பத்தேழு காயமாக்கும்! ஒண்ணும் இல்லன்னு சொன்னியே?"

"சொல்லியிருந்தா நீங்க அந்தக் கட்டில்லயே செத்துப்போயிருப்பிய." அவள் டார்ச்சை அணைத்தாள். "எனக்கு யாரு சொல்லித்தந்தா? வெட்டி வெட்டித்தான் படிச்சேன். காயம்பட்ட மரம் பாலு தராமலா இருக்கு?"

அவர் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போகும். வீங்கிய இடங்களெல்லாம் மேலே, பழைய வெட்டில் இருந்தன. கீழே வர வர வெட்டுக் கோடு நேராக, சுத்தமாக ஓடியது. கோபம் போன இடம் தெரியவில்லை. பதினெட்டு வருஷப் பெருமையை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கத்தியத் தா."

முதல் மரத்தில் கத்தியை வைத்து இழுத்தார். பாதி வழியில் விரல் சறுக்கியது, கத்தி தடியைக் கடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது வெட்டின கோடு முழுக்க வெள்ளை ஊறி, வழிந்து, சிரட்டையில் சொட்டியது.

"நாப்பத்தெட்டு," என்றாள் சபிதா.

ஞானசிங் சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்கு நடந்தார்.