அவன் சரி என்றால்தான் ஏறும்

எங்கள் சபைக்கு ஒரு இணையதளம் உண்டு. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர், துபாய், மெல்போர்ன் என்று சிதறிப்போன குடும்பங்கள் ஊர்ச் செய்தி பார்ப்பது அதில்தான். கல்யாண அறிவிப்பு, ஞானஸ்நானப் படம், யாராவது காலமானால் அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்ற விவரம். அதை உருவாக்கியது நானும் என் நண்பனும். இருவருமே மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள்.

புதுச் செய்தியைச் சர்வரில் ஏற்ற எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் ஒவ்வொரு கமாண்டாக உரக்கச் சொல்வான், நான் அடிப்பேன்.

"ஸ்பேஸ் உட்டியா?"

"உட்டேன்."

"உட்டா எங்க காணோம்? கண்ணாடி போடுடா கிழவா."

நடுவில் அவன் மனைவி டீ கொண்டுவருவார், சண்டை நிற்கும். கொஞ்ச நேர வேலையை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுப்போம். அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு, பாதிக் கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கையில் நெட் போய்விட்டது. தளம் வெறும் வெள்ளையாக நின்றது. அன்றைக்குப் பார்த்து ஒரு அடக்க அறிவிப்பு. வெளியூர்ப் பிள்ளைகளிடமிருந்து போன்மேல் போன். அல்லாடி ஒருவழியாகச் சரிசெய்தோம்.

மறுவாரம் அவன் சொன்னான்: "இனிமே கையால ஏத்த வாணாம்டா. ஆட்டோமேட்டிக்கா போட்டுடலாம். நீ உன் வூட்ல சேவ் பண்ணா போதும். அதுவே சோதிச்சிப் பாத்து, அதுவே சர்வர்ல ஏத்திக்கும். பாதில நிக்கிற கதையே இல்ல."

அவன் சொன்னது சரி. வேலையில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் சுரீரென்று கோபம் வந்தது. தப்பாக ஏறினால் யார் பார்ப்பது, இந்தச் சின்னத் தளத்துக்கு எதற்கு இவ்வளவு ஆடம்பரம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எதுவும் உண்மையான காரணம் இல்லை. தானாக ஏறிவிட்டால் நான் எந்தச் சாக்கில் அந்த வீட்டுக்குப் போவேன்? ஊரில் என்னோடு பேச மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான்.

டீயை வைத்தபடி அவன் மனைவிதான் விஷயத்தை உடைத்தார். "அண்ணா, இவரு உங்ககிட்ட சொல்லலியா? பொண்ணு கூப்பிட்டுக்கினே கீறா. அடுத்த மாசம் பெங்களூருக்கே போயிடறோம்."

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ ஒண்டியா குந்திக்கினு அடிச்சா எல்லாத்தையும் அழிச்சிடுவடா," என்றான்.

தானாக ஏறும் முறையையே அமைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தேன். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகும், அவன் தன் திரையில் 'சரி' என்று அழுத்தினால்தான் சர்வருக்குப் போகும். பெரிய கம்பெனிகளில் வைக்கிற காவல் அது. ஞானஸ்நானப் படம் போடுகிற எங்கள் தளத்துக்கு அது தேவையே இல்லை.

"எதுக்குடா இது?" என்று கேட்டான்.

"பாதுகாப்புக்கு," என்றேன். அவனும் இந்தத் தொழிலில் ஊறியவன். சிரித்துக்கொண்டே 'சரி'யை ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். அடக்க அறிவிப்பு என்றால் உடனே அழுத்திவிடுவான். மற்ற ஞாயிறுகளில் நான் சேவ் செய்ததும் என் போன் அடிக்கும். ஆராதனைக்கு யார் யார் வந்தார்கள், மழை உண்டா, பேட்டைச் சந்தையில் கறி என்ன விலை என்று ஆரம்பிப்பான். பேத்தி தமிழே பேச மாட்டேன் என்கிறாள் என்று புலம்புவான். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்.

"சரி, அழுத்தட்டாடா?" என்பான்.

"இருடா," என்பேன். "இன்னா அவசரம்?"