பிரேக் தகட்டில் தேங்காய் எண்ணெய்

என் மனைவியின் தம்பி சைக்கிள் வாங்கிய அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிக்கும் கூட்டம் ஒன்றில் நான் நான்கு வருடமாக இருக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்த தொப்பையைக் கரைக்கத்தான் போனேன். தொப்பை கரையவில்லை, பெயர் மட்டும் கிடைத்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் "இவரு சிறுமலை வரைக்கும் சைக்கிள்லயே போவாரு" என்று என்னைக் காட்டிச் சொல்வார்கள். எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

மச்சினன் அகரத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். முப்பது வயது. ஆவணியில், மலைப்பாதைக்கென்றே செய்த சைக்கிள் ஒன்றை வாங்கினான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். முதல் வாரம் எனக்குப் பின்னால் வந்தான். இரண்டாம் வாரம் பக்கத்தில் வந்தான். மூன்றாம் வாரம் தாடிக்கொம்பு ரோட்டில் அவன் முதுகைத்தான் பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க மாமா, செத்த நேரம் நிக்கிறேன்" என்றான் பாருங்கள், அதுதான் சுட்டது. அன்று சாயங்காலம் என் மனைவியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அவன் படம். நான்கு வருடத்தில் என் படம் ஒருநாள்கூட அதில் வந்ததில்லை. கேட்டதற்கு, "உங்களத்தான் தெனமும் பாக்குறேன்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறு சிறுமலை என்று முடிவாகியிருந்ததால், ஆயுத பூஜையன்றே அவன் தன் சைக்கிளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான். என் மனைவி இரண்டு சைக்கிளையும் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டாள். என்னுடையதற்கு ஒரு ஈரத்துணி, ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு. தம்பியுடையதை, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கம்பி கம்பியாகத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். சக்கரங்களின் நடுவே மின்னிய வட்டத் தகடுகள் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டன. அவற்றை இன்னும் நன்றாகத் தேய்த்து, தகட்டுக்கு மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதுதான் பிரேக் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் பொரியைக் கொறித்தபடி, நமக்கு ஒற்றைப் பொட்டுதானா என்று பொருமிக்கொண்டிருந்தேன். பொட்டை எண்ணுகிறவனுக்கு எண்ணெய் கண்ணில் படவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினோம். ஊருக்குள் ஆளில்லாத ரோடு, பிரேக்குக்கு வேலையே இல்லை. அடிவாரச் செக்போஸ்ட்டில் பெயர் எழுத நிறுத்தியபோதுதான் அவன் சைக்கிள் கீச்சென்று கத்தியது. பிரேக்கைப் பிடித்த பிறகும் கொஞ்ச தூரம் நகர்ந்துபோய்த்தான் நின்றது. குனிந்து பார்த்தேன். குங்குமம் எண்ணெயில் குழைந்து தகடு முழுக்கப் பரவியிருந்தது. அந்தத் தகட்டை இறுக்கிப் பிடித்தால்தான் சக்கரம் நிற்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும்.

"புதுசுல இப்படித்தான் கத்தும்போல, இல்ல மாமா?" என்றான்.

"ம்" என்றேன்.

அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் சொல்லிக்கொள்கிறேன். பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் இறக்கத்தில் பயந்து மெதுவாக வருவான், ஒருநாளாவது நான் முன்னால் இறங்குவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவ்வளவு அற்பம்.

ஏற்றத்தில் பிரேக் தேவைப்படாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் எனக்கு ஒரு வளைவு மேலே தெரிந்தான். மேலே டீக்கடையில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அவன் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தான். தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். "உங்களப் பாத்துத்தான் மாமா நான் சைக்கிளே வாங்குனேன்" என்றான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தில் ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டி, "சார், தம்பியோட ஒரு போட்டோ எடுங்க" என்றார். எல்லோரும் அவனையும் அவன் சைக்கிளையும் சுற்றி நின்றார்கள். நான் படம் எடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

வனத்துறையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். டீக்கடையில் தொடங்கி, காப்புக்காட்டுக்குள் சுற்றிவிட்டு, அதே கடைக்கே வந்து சேரும் மண்பாதை. மழை பெய்து ஓய்ந்த பச்சை. ஒரு திருப்பத்தில் காடு விலகி, கீழே ஊரும் மலைக்கோட்டைப் பாறையும் சின்னதாகத் தெரிந்தன. எல்லோரும் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் அவன் பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

கடைசி இறக்கம் கல்லும் வேருமாக இருந்தது. "நீங்க முன்னால போங்க மாமா" என்று அவனாகவே வழிவிட்டான். போனேன். காற்று முகத்தில் அடித்தது, எனக்கு முன்னால் யாரும் இல்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது. பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து, "மாமா, நிக்கல! ஒதுங்குங்க!" என்று கத்தினான். எனக்கு ஒதுங்கத் தோன்றவில்லை, மரத்துப்போய்விட்டேன். அவன்தான் ஒதுங்கினான். என்மேல் மோதாமல் ஹேண்டிலை ஒடித்து, உண்ணிச்செடிப் புதருக்குள் போய்ப் பாறையில் விழுந்தான். முழங்கை கிழிந்து எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். என் மனைவி அவனைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, கரியடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது.

"பாருங்க, நெடியே வரல" என்றாள் என்னிடம். "எவனோ நல்லா வயிறு எரிஞ்சிருக்கான்."

மச்சினன் சிரித்தான். "விடுக்கா. தையல் பிரிச்சதும் மறுபடி போவோம் மாமா. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல."

அதே தகட்டோடு மறுபடி போவான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"பிரேக் தகட்டுல எண்ணெ இருக்கு மாப்ள" என்றேன். "பூஜைக்குத் தொடச்சது. அதான் பிடிக்கல."

என் மனைவி தன் கைகளைப் பார்த்தாள். "நானா?" என்றாள்.

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காலையிலயே பாத்தேன்."

"எங்க வச்சு?" என்றான் மச்சினன்.

"செக்போஸ்ட்ல."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"மேல டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்திருந்தமே மாமா" என்றான்.