நாலு, பாலத்துத் தெரு

புது வெள்ளத்துக்கு ஒரு வாடை உண்டு. செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் அழுகிய கோரைவேரும் கலந்த அந்த வாடை செஞ்சிக் கடைத்தெரு வரைக்கும் ஏறி வந்ததுமே, ஊரில் பாதிப்பேர் போட்டது போட்டபடி கிளம்பிப் பழைய ஆற்றுப்பாலத்துக்கு ஓடுவார்கள். இதற்குத் "தண்ணி பாக்கப் போறது" என்று பெயர். ஆண்டு முழுக்க மணலாகக் கிடக்கிற ஆற்றில் ஐப்பசி கார்த்திகையில் என்றைக்கோ ஒருநாள் தண்ணீர் வந்தால், போய்ப் பார்க்காமலிருப்பது மரியாதையில்லை. பெண்கள் கைப்பிடிச் சுவரில் கற்பூரம் ஏற்றுவார்கள். மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்கள்கூடப் பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகரும். எதிரே ராஜகிரிக் கோட்டை மழையில் கறுத்து நிற்கும்; அன்றைக்கு அதைச் சீண்டுவாரில்லை.

ஊரார் வேடிக்கை பார்த்த அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பாலத்துக்கு வந்தது. பாலத்துக்குச் சற்று மேலே, ஆற்றுப் புறம்போக்கில் இருந்த சில குடிசைகளில் ஒன்று எங்களுடையது. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நெல் ஏலம் நடக்கும் கமிட்டியில் மூட்டை தூக்கினார். என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது விலாசம் கேட்டார்கள். புறம்போக்குக்கு ஏது விலாசம்? நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலு, பாலத்துத் தெரு" என்றார். அப்படி ஒரு தெரு செஞ்சியில் கிடையாது. வீட்டுக்கு வந்ததும், நாளைக்குப் பொண்ணு அந்த விலாசத்தைச் சொன்னால் பொய்யாகிவிடக்கூடாது என்று, யாரோ இடித்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கிவந்து குடிசைக்கு மாட்டியிருந்த எங்கள் தேக்குக் கதவில் வெள்ளைப் பெயிண்டால் அந்த விலாசத்தைப் பெரிதாக எழுதிவைத்தார். "வூடு ஒழுகனாலும் விலாசம் நிக்கணும்மா" என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையிலேயே ஒரு தெருவில் குடியிருப்பவள்போல நடக்கத் தொடங்கினேன்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பர்வீன். கடைத்தெருவில் அவர்களுக்குப் பாத்திரக் கடை இருந்தது. அந்த விலாசத்துக்கு அவள் ஆசையாசையாய்த் தபாலில் அனுப்பிய பொங்கல் வாழ்த்து வந்து சேரவேயில்லை. தபால்காரர் மோசம் என்று சாதித்துவிட்டேன். பாவம் அந்த மனிதர்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன ஆண்டு ஐப்பசியில் பெரிய வெள்ளம் வந்தது. விடிவதற்குள் அம்மா தம்பியையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டாள். நைனா என்னை அழைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார். ஏன் வந்தோம் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. எல்லாரையும்போல நாங்களும் தண்ணி பார்க்க வந்தவர்கள்தானே. பர்வீன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைக் கோத்துக்கொண்டாள்.

வெள்ளத்தன்று பாலத்தில் "கொக்கி போடறவங்க" சிலர் நிற்பார்கள். கயிற்றில் இரும்புக் கொக்கியைக் கட்டி வீசி, மிதந்து வரும் கட்டை, கூரை, பானை எல்லாவற்றையும் இழுப்பார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. இழுத்த பொருள் பாலத்துத் தரையைத் தொடுவதற்குள் உடையவர் "எங்க வூட்டுது" என்று குரல் கொடுத்தால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். தரையைத் தொட்டுவிட்டால் இழுத்தவனுக்குச் சொந்தம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நைனா அங்கே நின்றார். எங்களிடம் இருந்தவற்றில் விலையுள்ள பொருள் அந்தக் கதவு ஒன்றுதான்.

கதவு வந்தது. சுழலில் ஒருமுறை முங்கி எழுந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட அது நிமிர்ந்து மேலே வந்தபோது, நைனாவின் கையெழுத்து ஊருக்கே நேராகத் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாலு, பாலத்துத் தெரு. இன்னாடா இது, நம்ம ஊர்ல இப்படி ஒரு தெரு இருக்குதா?"

"மீனுங்க குடியிருக்கிற தெருவா இருக்கும்ணா" என்றான் ஒருவன். பாலமே சிரித்தது.

பர்வீன் சிரிக்கவில்லை. கோத்திருந்த விரல்கள் மெல்ல இறுகின. நான் வாய் திறந்தேன். தோளில் நைனாவின் கை அழுந்தியது. கதவு கைப்பிடிச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்திருந்த பர்வீனைப் பார்த்தார், பிறகு கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்தார். "எவனோ கிறுக்கன் எழுதிவெச்சிருக்கான்" என்றார். கதவு தரையில் விழுந்தது.

பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அம்மா நெடுநாள் திட்டினாள். நாங்கள் மேட்டில் போட்ட அடுத்த குடிசைக்குச் சாக்குதான் கதவு. அதைவிட என்னைத் தின்றது வேறொன்று. அடுத்த பொங்கலுக்குப் பர்வீன் வாழ்த்தைத் தபாலில் போடவில்லை. வகுப்பில் என் கையிலேயே கொடுத்தாள். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

இன்று பக்கத்திலேயே அகலமாகப் புதுப்பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் வண்டி போவதில்லை, கொக்கி போடுகிறவர்களும் இல்லை, இழுப்பதற்கு அப்படி வெள்ளமும் வருவதில்லை. எங்கள் குடிசைகள் இருந்த இடத்தை மண்ணடித்து மேடாக்கி மாடிவீடுகள் கட்டியிருக்கிறார்கள். அன்றைய சிரிப்பு மட்டும் போகவில்லை. கேலியாக ஊர் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முனையில் நீலப் பலகை நட்டு, பாலத்துத் தெரு என்று எழுதியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் நைனாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகையில் பஸ் அந்த இடத்தில் நின்றது. பலகையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். எங்களுது என்று இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பேரு நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றார், "எவனோ."